பாரோங் ஆட்டத்துல கடைசில யார்தான் ஜெயிச்சாங்க?

நீங்க கேட்டது இதுதான்: பாலிக்குப் போனோம், பத்துபுலான்ல காலைல ஒரு மணி நேரம் பாரோங் டான்ஸ் பார்த்தோம், சிங்கம் மாதிரி ஒண்ணு (அதுதான் பாரோங்), நாக்கைத் தொங்கவிட்டுக்கிட்டு கோரைப்பல்லோட இன்னொண்ணு (அது ரங்டா), ரெண்டும் சண்டை போட்டுச்சு, கொஞ்ச பேர் கத்தியால தங்களையே குத்திக்கிட்டாங்க, அப்படியே முடிஞ்சுபோச்சு. யார் ஜெயிச்சான்னே புரியல, அந்த ரங்டா பேயா இல்ல நம்ம காளியா, இதெல்லாம் டூரிஸ்ட்டுக்காக ஆடுறதா இல்ல நிஜமாவே கோயில் விஷயமா?

யாரும் ஜெயிக்கல. நீங்க எதையும் மிஸ் பண்ணல, அந்த ஆட்டமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கு. ஆனா நடுவுல ஒரு பெரிய விஷயம் நடந்துச்சு, அதை டூரிஸ்ட்டுங்க பெரும்பாலும் கவனிக்கிறதே இல்ல, கையில குடுக்குற கதைச்சுருக்கம் பேப்பர்லயும் அது ரெண்டு வரில போயிடும். நான் பாலியில உபுட்ங்கிற ஊர் பக்கத்துல மூணு வருஷம் இருந்தேன், முதல் ரெண்டு மூணு தடவை எனக்கும் அது பிடிபடல, அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்க பார்த்த கதையோட அடித்தளம் மகாபாரத ஆளுங்க, ஆனா அந்தக் கதை நம்ம மகாபாரதத்துல கிடையாது. குந்தி தன்னோட பிள்ளை சகாதேவனை (அங்க சதேவான்னு சொல்றாங்க) துர்க்கைக்கு பலி குடுக்கணும். சகாதேவன் மாத்ரி பெத்த பிள்ளை, குந்திக்கு மாற்றாந்தாய் உறவுதான், அதனாலதான் இந்தக் கதை அவனைப் பிடிச்சுக்குது. குந்திக்கு மனசு வரல. அப்ப துர்க்கையோட சேடி ஒருத்தி மந்திரம் போட்டு குந்திக்குள்ள ஒரு ஆவியை இறக்குறா, உடனே குந்தி கோபமா மாறி பிள்ளையை இழுத்துட்டுப் போய் மரத்துல கட்டச் சொல்றா. அந்த நேரத்துல சிவன் வந்து சதேவாவுக்கு சாவில்லாத வரம் குடுக்கிறார். ரங்டா வர்றா (இங்க ரங்டாதான் துர்க்கை), அவனைக் கொல்லப் பார்க்கிறா, முடியல. முடியாதுன்னு தெரிஞ்சதும் அவ சண்டை போடல. என்னை விடுவிச்சுடுன்னு அவன்கிட்டயே கேக்குறா. அவன் விடுவிக்கிறான், அவ மேலுலகம் போயிடுறா.

அதாவது முதல் ரங்டாவோட கதை அங்கேயே முடிஞ்சுடுச்சு, அதுவும் விடுதலையில முடிஞ்சுது. அப்புறம் அவளோட சேடி காலிகா வந்து எனக்கும் அதே மாதிரி விடுதலை குடுன்னு கேக்குறா, சதேவா மறுத்துடுறான், அதுலதான் சண்டை வெடிக்குது. காலிகா காட்டுப்பன்னியா மாறி தோக்குறா, பறவையா மாறி தோக்குறா, கடைசில ரங்டா உருவத்தை எடுக்கிறா, அதை ஜெயிக்க முடியாம சதேவா பாரோங்கா மாறுறான். நீங்க கடைசில பார்த்த சண்டை இந்த ரெண்டு பேருக்கு நடுவுலதான். ஒரே வேஷம் ரெண்டு தடவை வர்றதால பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒரே ஆளுன்னு தோணிடுது.

இந்த விடுவிக்கிற கதைக்கு ஜாவால சுதமாலான்னு பேரு. 15ஆம் நூற்றாண்டுல மத்திய ஜாவாவுல லாவு மலை அடிவாரத்துல கட்டுன சுக்குஹ் கோயில்ல இது கல்லுல செதுக்கியே இருக்கு. சுத்த, மல, ரெண்டும் நமக்குத் தெரிஞ்ச வார்த்தைங்க. ஆணவ மலம், மலம் நீங்குறதுன்னு சைவத்துல சொல்ற அதே மலம்தான். சிவன்கிட்ட சாபம் வாங்கி கோர உருவத்தோட சுடுகாட்டுல கிடக்குற உமாதான் இந்தக் கதையோட துர்க்கை, அந்தச் சுடுகாட்டுக்கு காந்தமாயுன்னு பேரு, சதேவா கையால மலம் கழிஞ்சதும் அவ மறுபடி உமாவா ஆயிடுறா. அந்த வேலையைச் செஞ்சதால சதேவாவுக்கே சுதமாலான்னு பேர் வந்துச்சு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கோரமா இருக்குறதை அழிக்கிற பேச்சே இல்ல, அதுக்குள்ள சிக்கியிருக்குறவளை வெளிய கொண்டு வர்றதுதான் வேலை.

இனி ரங்டா பேயா காளியான்னு கேட்டீங்களே, அதுக்கு இன்னொரு கதை வேணும், பகல்ல பத்துபுலான்ல ஆடாத கதை. சலோன் அராங்.

11ஆம் நூற்றாண்டுல கிழக்கு ஜாவாவை ஆண்ட ஏர்லாங்கா ராஜா காலத்துல நடக்குறதா சொல்றாங்க. கிராஹ்ங்கிற ஊர்ல ஒரு விதவை இருக்கா, சூனியக்காரின்னு ஊரே பயப்படுது, அந்தப் பயத்துல அவ பொண்ணு ரத்னா மங்காலியைக் கல்யாணம் பண்ணிக்க ஒருத்தனும் வரல. பொண்ணு அழகுதான், குணமும் நல்ல குணம்தான், ஆனா அம்மா பேரைக் கேட்டா ஓடுறாங்க. அந்த அவமானத்துலதான் விதவை தன்னோட சிஷ்யைகளைக் கூட்டிக்கிட்டு சுடுகாட்டுக்குப் போய் துர்க்கையைக் கும்பிட்டு, நாட்டுல கொள்ளை நோய் பரப்ப உத்தரவு வாங்குறா. காலையில காய்ச்சல் வந்தவன் சாயங்காலம் செத்துப்போறான், அவனைத் தூக்கிட்டுப் போனவன் மறுநாள் சாகுறான். ராஜா படை அனுப்புறார், ஆகல. கடைசில எம்பு பரதாங்கிற முனிவரைக் கூப்பிடுறாங்க. அவர் தன்னோட சிஷ்யன் பகுலாவை அனுப்பி ரத்னா மங்காலியைக் கல்யாணம் பண்ண வைக்கிறார், அவ மூலமா விதவையோட மந்திர ஏடு பகுலா கைக்கு வருது, அவன் அதைக் குருகிட்ட குடுக்கிறான், குரு படிச்சுட்டு நேருக்கு நேர் கிளம்புறார். விதவை பார்வையாலயே ஒரு ஆலமரத்தை எரிச்சுச் சாம்பலாக்குறா, பரதா அந்த மரத்தை மறுபடி தழைக்க வைக்கிறார்.

இதுக்கப்புறம் வர்ற இடத்தைக் கவனிங்க. இந்தக் கதையோட பழைய ஏடு ஒண்ணு 1540இல் எழுதினது, அதுல பரதா அவளை முதல்ல கொல்லுறார், உடனே அவளை உயிரோட எழுப்புறார். ஏன்னா அவளுக்கு விடுதலைக்கான வழியைச் சொல்லாம கொன்னுட்டோமேன்னு. எழுப்பி, உபதேசம் பண்ணி, அதுக்கப்புறம்தான் இன்னொரு தடவை அவ உயிர் போகுது, பாவம் கழிஞ்சு போகுது. சுதமாலா கதையோட நூல் இங்கயும் ஓடுது பாருங்க.

ரங்டாங்கிற வார்த்தைக்கே அர்த்தம் விதவைதான். பாலியில நிறைய பேர் இந்த விதவையை ஏர்லாங்காவோட சொந்த அம்மா மகேந்திரதத்தான்னு நம்புறாங்க, ஜாவா இளவரசி, பாலி ராஜா உதயனாவோட ராணி. கியாஞார் பக்கத்துல குத்ரிங்கிற இடத்துல ஒரு குன்று மேல மகிஷனை மிதிச்சுக்கிட்டு நிக்குற துர்க்கை சிலை ஒண்ணு இருக்கு, அது அந்த ராணியைத்தான் குறிக்குதுன்னு சொல்றாங்க. படி ஏறிப் போனா கூட்டமே இருக்காது, கண்டிப்பா போய்ப் பாருங்க.

சலோன் அராங் ஆட்டம் ராத்திரிலதான், அதுவும் ஊரோட பூரா டாலம் வாசல்ல. பூரா டாலம்னா ஒவ்வொரு ஊருக்கும் இருக்குற சாவு சம்பந்தப்பட்ட கோயில், சுடுகாட்டை ஒட்டியே இருக்கும், துர்க்கைக்கான இடம். நான் பார்த்தது ராத்திரி பதினோரு மணிக்குத் தொடங்கி விடியக்காலை மூணு மணி தாண்டி முடிஞ்சுது. அதுல உயிரோட இருக்குற ஒரு ஆளைப் பொணமாப் படுக்க வச்சு, குளிப்பாட்டி, துணி சுத்தி, நிஜமாவே சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. மேடையில நிக்குறவர் அந்த வட்டாரத்துல இருக்குற லெயாக்குகளை, அதாவது ராத்திரில உருவம் மாறித் திரியுற சூனியக்காரங்களை, தைரியம் இருந்தா வாங்கடான்னு சத்தம் போட்டுக் கூப்பிடுவார். அந்த நேரத்துல எனக்கு முன்னால உக்காந்திருந்த பாட்டி தன் பேரனைப் புடவைக்குள்ள இழுத்து மூடிக்கிட்டாங்க. அது நாடகம் பார்க்குற பயம் கிடையாது.

ஆனா அதே ரங்டாவோட முகமூடியை ஊர்ல எப்படி வச்சிருக்காங்க தெரியுமா? கோயில்ல, வெள்ளைத் துணி போட்டு மூடி, கூடைக்குள்ள, ரொம்பப் பெரிய மரியாதையோட. பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாங்க, ராத்து ஆயு அந்த மாதிரி மரியாதைப் பேருதான், ராத்துன்னா அரசர், தெய்வம்ங்கிற மாதிரி. படையல் உண்டு, திருவிழாவுக்கு எடுத்துட்டு வருவாங்க, ஊர்வலம் போவாங்க. ஊரைக் காக்குற தெய்வம் அவ. அதனால உங்க கேள்விக்கு என் பதில்: பேய்னு சொன்னா ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, காளின்னு சொன்னா கிட்டத்தட்ட சரி, ஆனா அவளுக்குள்ள ஒரு மனுஷியோட, ஒரு விதவையோட கோபமும் சேர்ந்து கிடக்கு.

முகமூடி செய்யுற மரத்தைப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா அது நமக்கும் தெரிஞ்ச மரம். அவங்க பூலேன்னு சொல்றது நம்ம ஏழிலைப்பாலை. நம்ம பக்கமும் பாலை மரத்துல யட்சி குடியிருப்பான்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க, அங்கயும் அது சுடுகாட்டு ஓரத்துலயும் கோயில் ஓரத்துலயும் நிக்குற மரம்தான். முகமூடிக்கு வேணும்னா மரத்தை வெட்டிச் சாய்க்க மாட்டாங்க, நல்ல நாள் பார்த்து, படையல் வச்சு, அனுமதி கேட்டு, நிக்குற மரத்துலேருந்து ஒரு துண்டு மட்டும் எடுப்பாங்க. செதுக்கி, வண்ணம் மேல வண்ணமா பல அடுக்கு பூசி முடிச்சாலும் அது இன்னும் வெறும் கட்டைதான். அப்புறம் பசுபதின்னு ஒரு சடங்கு இருக்கு, ஆமா, நம்ம பசுபதிதான், அதுலதான் உயிர் ஏறுது. டூரிஸ்ட்டுக்கு ஆடுற முகமூடிக்கும் கோயில் முகமூடிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான், கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பாரோங்கும் அப்படித்தான். நீங்க பார்த்தது பாரோங் கெட், உள்ள ரெண்டு பேர், முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர். புலி பாரோங், பன்னி பாரோங்னு வேற வகையும் இருக்கு, பாரோங் லண்டுங்னு ஒண்ணு உயரமான மனுஷ பொம்மை ஜோடி, கருப்பா ஆணும் வெளுப்பா பொண்ணும், ஜயபங்குஸ்ங்கிற பாலி ராஜாவும் அவர் கட்டிக்கிட்ட சீன இளவரசியும்னு சொல்றாங்க. பாரோங்கோட சக்தி முழுக்க அதோட தாடியிலதான் இருக்கு, மனுஷ முடியில செஞ்ச தாடி. அதை முக்கின தண்ணிதான் மயக்கத்துல இருக்குறவங்களைத் தெளிய வைக்கும். கத்தியால குத்திக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே, அது இங்க வருது. ரங்டா தன் கையில இருக்குற வெள்ளைத் துணியை வீசுனதும் அவளைத் தாக்க வந்தவங்க கையில இருக்குற கிரிஸ் கத்தி அவங்க நெஞ்சுக்கே திரும்பிடுது, பாரோங் அவங்க உடம்பைக் காக்குது, அதனால கத்தி உள்ள இறங்கல. ஒரே நேரத்துல ரெண்டு சக்தியும் அந்த ஆளு உடம்புல வேலை செய்யுது, ஒண்ணு குத்தச் சொல்லுது, இன்னொண்ணு இறங்கவிடல. டூரிஸ்ட் ஆட்டத்துல இது பழகின நடிப்பு. கோயில்ல நடக்குறப்ப அவங்க மயங்கி விழுந்து, பூசாரி தண்ணி தெளிச்சு எழுப்ப அரை மணி நேரம் ஆகுறதைப் பார்த்திருக்கேன்.

இதுக்குப் பின்னால இருக்குறதை பாலிக்காரங்க ர்வா பினேடான்னு சொல்வாங்க, இரண்டு எதிரெதிர். மரத்துலயும் சிலையிலயும் கருப்பு வெள்ளை கட்டம் போட்ட துணி சுத்தியிருக்குறதைப் பார்த்திருப்பீங்க, அதுவும் இதேதான். ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுட்டா உலகம் ஒரு பக்கமா சாஞ்சுடும். அதனால சண்டை முடியக்கூடாது, திரும்பத் திரும்ப நடந்துக்கிட்டே இருக்கணும்.

டூரிஸ்ட்டுக்கா சாமிக்கான்னு கேட்டதுக்கு பாலிக்காரங்களே ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. பாலி கோயில்ல மூணு முற்றம் இருக்கும். உள் முற்றத்துல ஆடுறது வாலி, அதுவே பூஜை. நடு முற்றத்துல ஆடுறது பெபாலி, பூஜையோட கூட நடக்குறது, கதை இருக்கும். வெளி முற்றத்துல ஆடுறது பாலி பாலிஹான், பார்த்து ரசிக்கிறதுக்கு. டூரிஸம் வேகமா வளர ஆரம்பிச்சப்ப எதை ஹோட்டல்ல ஆடலாம் எதை ஆடக்கூடாதுன்னு பிரச்னை வந்துச்சு, அப்ப 1971இல் பாலியோட தலைநகர் டென்பசார்ல அறிஞர்களும் கலைஞர்களும் கூடிப் பேசி இந்த மூணு வகையைப் பிரிச்சாங்க. 2015இல் யுனெஸ்கோ பட்டியல்ல பாலி நடனங்கள் சேர்ந்தப்பவும் இதே மூணு பிரிவாத்தான் சேர்ந்துச்சு, ஒன்பது நடனம்.

அந்த ஒன்பதுல எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமானது, டூரிஸ்ட்டுங்க அநேகமா பார்க்கவே பார்க்காதது, தோப்பெங் சிதகார்யா. முகமூடி ஆட்டம்.

கதை இது. 16ஆம் நூற்றாண்டுல கெல்கெல்ல இருந்து ஆண்ட வாதுரெங்கோங் ராஜா பெசாக்கிஹ் கோயில்ல ஒரு பெரிய யாகத்துக்கு ஏற்பாடு பண்றார். அங்க கெலிங் நாட்டுலேருந்து ஒரு பிராமணர் நடந்தே வர்றார், அழுக்குத் துணி, தூசி படிஞ்ச உடம்பு. ராஜா என் சகோதரர், அவரைப் பார்க்கணும்னு சொல்றார். யாரும் நம்பல. ராஜாவும் எனக்குத் தெரியாதுன்னுட்டார், காவல்காரங்க இழுத்து வெளிய தள்ளிட்டாங்க. போறப்ப அவர் இந்த யாகம் நிறைவேறாதுன்னு சாபம் விட்டுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் படையலெல்லாம் அழுகுது, பயிர் வாடுது, எலி பெருகுது, நோய் வருது. ராஜா தப்பை உணர்ந்து ஆள் அனுப்பி அவரைக் கூட்டிட்டு வர்றார், எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்தா உங்களை சகோதரரா ஏத்துக்குறேங்கிறார். அவர் வந்து நின்னதும் எல்லாம் சரியாகுது. அன்னைக்கு அவருக்குக் கிடைச்ச பேர்தான் சிதகார்யா, காரியம் சித்தியாச்சுங்கிற அர்த்தம், நம்ம காரியசித்தியைத் திருப்பிப் போட்ட மாதிரி. இனிமே பாலியில எந்தப் பெரிய சடங்கும் அவரோட பிரசாதம் இல்லாம முடியாதுன்னு ராஜா உத்தரவு போட்டார். டென்பசாரோட தெற்குப் பக்கத்துல சிதகார்யான்னே இன்னைக்கும் ஒரு ஊர் இருக்கு.

அதனால இன்னைக்கும் சடங்கோட கடைசில ஒரு ஆட்டக்காரர் அந்த முகமூடியைப் போட்டுக்கிட்டு வருவார். வெள்ளை முகம், கோடு மாதிரி கண்ணு, வெளிய துருத்துற பல்லு, அழகே கிடையாது. மந்திரம் சொல்லிக்கிட்டே மஞ்சள் அரிசியும் காசும் நாலு திசையிலயும் வீசுவார், சின்னப் பிள்ளைங்க கத்திக்கிட்டு ஓடும், அதுல ஒண்ணைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து காசு குடுப்பார். வெளிய தள்ளுன அந்த ஆளோட முகம் வந்து நின்னு ஆசி சொன்னாத்தான் காரியம் முடியும். நான் முதல் தடவை இந்தக் கதை தெரியாம பார்த்தப்ப ஏதோ கோமாளின்னு நினைச்சேன், தெரிஞ்சுட்டுப் பார்த்தப்ப கண் கலங்கிடுச்சு.

மத்ததெல்லாம் வேகமா சொல்றேன். சங்யாங் டெடாரின்னு ஒண்ணு, டெடாரின்னா வித்யாதரி, தேவகன்னி. ஊர்ல நோய் வந்தா வயசுக்கு வராத ரெண்டு சின்னப் பொண்ணுங்களைச் சாம்பிராணிப் புகை முன்னால உக்கார வச்சு பொம்பளைங்க பாடுவாங்க, பொண்ணுங்களுக்கு அருள் வந்ததும் கண்ணை மூடிக்கிட்டே ஆடும், ஆம்பளைங்க தோள் மேல ஏறி நின்னுகூட ஆடும். அந்தச் சடங்குல ஆம்பளைங்க சக் சக்னு போடுற சத்தம் இருக்கே, அதைத் தனியா எடுத்து ராமாயணத்தோட சேர்த்துக் கட்டுனதுதான் உலுவாத்துல சூரியன் மறையுறப்ப எல்லாரும் வீடியோ எடுக்குற கெச்சாக். 1930கள்ல பெடுலுங்கிற ஊரைச் சேர்ந்த வாயன் லிம்பாக்கும், உபுட்ல தங்கியிருந்த ஜெர்மன் ஓவியர் வால்ட்டர் ஸ்பீஸும் அதுக்கு உருவம் குடுத்தாங்க. ஆயிரம் வருஷப் பழசுன்னு கைடு சொன்னா நம்பாதீங்க, ஆனா அதுக்காகப் போலின்னும் நினைக்காதீங்க, அந்தச் சத்தம் பழசுதான்.

லெகோங்ங்கிற பொண்ணுங்க ஆட்டத்துக்கும் ஒரு தேவகன்னி கதை இருக்கு, சுக்காவாத்தி இளவரசர் ஒருத்தர் கெதெவெல் ஊர்க் கோயில்ல தவம் இருந்தப்ப பொன் உடை போட்ட கன்னிகள் ஆடுறதைக் கண்டார், அதை முகமூடியாவும் ஆட்டமாவும் ஆக்கச் சொன்னார்னு. அந்த முகமூடிங்க இன்னும் அந்தக் கோயில்ல இருக்கு.

பரதம் மாதிரியே கண்ணை ஆட்டுறாங்களேன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. கண்ணு முக்கியம்ங்கிறது வரைக்கும் சரி. ஆனா உடம்பு வேற. பரதத்துல அரைமண்டி, ரெண்டு பக்கமும் சமமா, உடம்புக்கு நடுவுல ஒரு கோடு போடலாம். பாலியில ஆகெம்னு சொல்ற அடிப்படை நிலையில எடை ஒரு பக்கம் சாயும், தோள் காது வரைக்கும் தூக்கியிருக்கும், இடுப்பு ஒரு பக்கம் தள்ளும், விரல் நடுங்கிக்கிட்டே இருக்கும். அந்தக் கண் வெட்டுக்கு செலெடெட்னு பேரு, அது அர்த்தம் சொல்ற முத்திரை கிடையாது, கமேலான்ல, அதாவது அவங்க வெண்கல வாத்தியக் குழுவுல, விழுற அடிக்குக் கூடவே விழுற ஒரு அடி. ஆங்செல்னு ஒண்ணு இருக்கு, ஆட்டக்காரர் உடம்பால ஒரு குறிப்பு காட்டுவார், மத்தளக்காரர் அதைப் பிடிப்பார், அத்தனை வெண்கலமும் ஒரு கணம் நின்னு மறுபடி பாயும். யார் யாரை நடத்துறாங்கன்னே தெரியாது. இதெல்லாம் சரியா இருந்தும் ஆட்டம் வெறுமையா இருந்தா தக்சு இல்லன்னு சொல்வாங்க. தக்சுன்னா அந்த ஆளுக்குள்ள இறங்குற தெய்வ சக்தி, அதுக்கு வீட்டுக் கோயில்ல தனி மாடமே உண்டு, ஆடப் போறதுக்கு முன்னால அங்க கும்பிட்டுட்டுத்தான் கிளம்புவாங்க.

அடுத்த தடவை போனா டிக்கெட் வாங்குறதுக்கு முன்னால தங்குற இடத்துல பக்கத்துல எங்கயாவது ஒடாலான் இருக்கான்னு கேளுங்க. ஒவ்வொரு கோயிலுக்கும் வர்ற திருநாள் அது, பெரும்பாலும் 210 நாளுக்கு ஒரு தடவை, கோயில் எக்கச்சக்கமா இருக்குறதால எப்பவும் எங்கயாவது ஒண்ணு நடந்துக்கிட்டுத்தான் இருக்கும். வேட்டி மாதிரி சரோங் கட்டி இடுப்புல ஒரு துண்டு சுத்திக்கணும், மாதவிடாய் நாள்ல இருக்குறவங்களும் வீட்ல துக்கம் நடந்தவங்களும் உள்ள போகக்கூடாதுங்கிறது அவங்க வழக்கம், பூசாரியை விட உயரமான இடத்துல ஏறி நிக்கக்கூடாது, ஃப்ளாஷ் போடக்கூடாது. கலுங்கான், குனிங்கான்ங்கிற ரெண்டு பண்டிகைக்கும் நடுவுல பத்து நாள் இருக்கும், அந்த நேரம் கிடைச்சா இன்னும் நல்லது. அப்ப ஊர்ப் பசங்க சின்ன பாரோங் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு, ஒரு மத்தளம் ரெண்டு ஜால்ரா ஒரு சின்ன கோங்கோட வாசல் வாசலா வருவாங்க, இங்லவாங்னு பேரு, லவாங்னா வாசல். எங்க சந்துல வந்தப்ப வீட்டுக்காரம்மா கொஞ்சம் காசு வச்சுட்டு பாரோங்கோட முடியில ஒண்ணைக் கேட்டு வாங்கி பேத்தி கையில கயிறா கட்டிவிட்டாங்க, அந்தக் குழந்தை ரெண்டு மாசம் அதைக் கழட்டவே இல்ல.